துடைத்துக் காட்டிய கண்

பஞ்சக்கா முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று நடந்த பேச்சு அவளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

பிரசவம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. உட்கார்ந்தால் தையல் வலித்தது, எழுந்தால் தலை சுற்றியது, படுத்தால் குழந்தை அழுதது. அப்படியொரு காலையில் திறந்திருந்த கதவு வழியாக ஒரு பெண்மணி உள்ளே வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சை வாங்கிக்கொண்டு, துணி மடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல தண்ணி. அப்புறம் குழந்தை," என்றார்.

அவள் எழப் போனாள்.

"நீ உக்காரு. பெத்தவளை எழுப்பி வேலை வாங்குனேன்னு என் தலையிலதான் விழும். வேற யாரும் இல்லையா வீட்டுல?"

"நான் இருக்கேன்," என்று சமையலறையிலிருந்து நாத்தனார் வந்தாள். கணவனின் அக்கா. பிஸ்கெட் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவள். தம்பி மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வீட்டை முழுசாகத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் தண்ணீரைக் குடித்தார், சோப்பு கேட்டு வாங்கிக் கையைக் கழுவினார், குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"யாரு வெச்சது இது?"

"எது?" என்றாள் நாத்தனார்.

"கண்ணுல போட்டிருக்கீங்களே, இந்தத் தார் ரோடு."

"தார் ரோடா? வீட்டுல நானே எடுத்த மை. விளக்கெண்ணெய் விளக்கு ஏத்தி, தட்டுல கரி புடிச்சு எடுத்தது. கடைச் சாமான் இல்ல. கண்ணுக்குக் குளிர்ச்சி."

"குளிர்ச்சின்னு குழந்தை சொல்லுச்சா?"

"பச்சைப் புள்ள எப்படிங்க சொல்லும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். எரிஞ்சாலும் சொல்லாது."

"எங்கம்மா எனக்கு வெச்சாங்க. என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"போகல. நான் உள்ள வந்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களே, அதுலயே தெரிஞ்சுது. பார்வை நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தையல் சுரீர் என்றது. நாத்தனார் வந்தவரை முறைக்காமல் அவளை முறைத்தாள்.

"நீங்க மட்டும் இந்த அப்பு அப்பிக்கிட்டு வந்திருக்கீங்க?"

அதுவும் உண்மைதான். அந்தப் பெண்மணியின் கண் இரண்டிலும் கட்டையான மைக்கோடு, மேலும் கீழும்.

"எனக்கு அம்பது தாண்டியாச்சு. என் கண்ணு எரிஞ்சா நானே கசக்கிக்குவேன், நானே என்னைத் திட்டிக்குவேன். இது யாரைத் திட்டும்?" சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து, ஈரப் பஞ்சை எடுத்துக் குழந்தையின் கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காது பக்கமாகத் துடைத்தார். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. மறு கண்ணுக்குப் புதுப் பஞ்சு. "இனிமே கண்ணுக்குள்ள விரல் போகக் கூடாது. எண்ணெய் விடக் கூடாது, தாய்ப்பால் விடக் கூடாது, ஊதக் கூடாது. கன்னத்துல ஒரு பொட்டு வேணும்னா வெச்சுக்கங்க, நான் பாத்தும் பாக்காம போயிடுறேன். அடுத்த தடவை கண்ணுக்குள்ள கறுப்பு தெரிஞ்சுதுன்னா, ஆஸ்பத்திரிக்கு வரவெச்சு நாள் பூரா வகுப்புல உக்கார வெச்சிடுவேன்."

"சரி சரி."

"இந்தச் சரி வாயிலேர்ந்து வருதா, மனசுலேர்ந்து வருதா?"

"வாயிலேர்ந்துதான்," என்றாள் நாத்தனார்.

வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் மைச்சிமிழின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

*

அவருடைய பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ். எடை பார்ப்பார், தொப்புள் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார், உடம்பு மஞ்சளடித்திருக்கிறதா, தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, பால் கட்டியிருக்கிறதா, எல்லாம் பார்ப்பார். ஆனால் தெரு ஜனங்களின் மனதில் நின்றது அந்த ஈரப் பஞ்சு மட்டும்தான். அதனால் பஞ்சக்கா. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "இது எவ்வளவோ தேவல. மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்குற தெருவுல என்னை அழிரப்பர்னு கூப்பிடுறாங்க," என்பார்.

தெரு முனையில் இஸ்திரி வண்டி நிற்கும். பஞ்சக்காவின் குடை தூரத்தில் தெரிந்ததும் இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை வண்டித் தகரத்தில் டங் டங் என்று தட்டுவார். இதை அவரிடம் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. பொதுத்தொண்டாக அவரே ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டு வீட்டுக்குப் பஞ்சும் எண்ணெயும் முந்தானையும் சுறுசுறுப்பாகும். பஞ்சக்கா ஒரு வீட்டின் படியேறி இறங்குவதற்குள் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பளிங்கு மாதிரிக் கண் தயாராகியிருக்கும். அவர் போனதும் மறுபடி மை.

நாத்தனார் மை வைப்பதைப் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். குளிப்பாட்டியதும் நீட்டிய கால்களின்மேல் குழந்தையைப் போட்டு, மோதிர விரல் நுனியால் சிமிழில் தொட்டு, கீழிமையை லேசாக இழுத்து, ஒரே இழுப்பு. அதே விரலால் அடுத்த கண். அதே விரலால் புருவம். மிச்சத்தைக் கன்னத்தில் வைத்து, "யார் கண்ணும் படாம இருக்கட்டும்," என்று நெற்றியில் நெட்டி முறிப்பாள். நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. குழந்தையின் கண் அத்தை கண் மாதிரியே இருப்பதாக யாரோ ஒரு தடவை சொல்லிவிட்டார்கள். அன்றையிலிருந்து அந்தக் கண் இரண்டும் தன் சொத்து என்று நினைத்துவிட்டாள்.

அவளுக்கும் மை பிடித்திருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. அவள் சட்டைக் கம்பெனியில் பட்டன் தைப்பவள். மை இல்லாத குழந்தை முகம் அவளுக்குப் பட்டன் வைக்காத சட்டை மாதிரி, ஏதோ வேலை பாக்கியிருப்பதுபோலத் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அலுப்பு. சமைப்பது, துவைப்பது, குளிப்பாட்டுவது, குப்பை கொட்டுவது எல்லாம் நாத்தனார். கணவன் வேன் ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்குவான். நாத்தனார் கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டினால் அன்றைக்கே வீடு படுத்துவிடும். ஒரு கோடு மைக்காக அந்தச் சண்டையை இழுத்துப் போட அவளிடம் தெம்பு இல்லை.

*

முதலில் இடது கண் ஒட்டிக்கொண்டது. காலையில் இமை பிரியவில்லை. மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஏதோ இமை மயிர்களைக் கோந்து போட்டது போலச் சேர்த்து வைத்திருந்தது.

"அண்ணி, இங்க பாருங்க."

"பீளைதான். மை உள்ள இருக்குற அழுக்கை வெளிய தள்ளுது. நல்லதுக்குத்தான்."

"வீங்கின மாதிரி இருக்கு."

"பொறந்த குழந்தைக்கு எல்லாமே வீங்கின மாதிரிதான் இருக்கும். உன் தம்பி பொறந்தப்போ உருளைக்கிழங்கு மாதிரி இருந்தான்னு உங்கம்மாவே சொல்லுவாங்களாமே?"

அவளே பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தாள். இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டாள். கண் பிரிந்தது. மேலே மறுபடி மை ஏறியது. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் பிசின் கூடியிருந்தது. கறுப்பு மையும் மஞ்சள் பீளையும் கலந்து கன்னத்தில் வழிந்து காய்ந்திருந்தது. குழந்தை வெளிச்சத்தில் இடது கண்ணைத் திறக்கவே இல்லை.

பஞ்சக்கா வரட்டும், காட்டிவிடலாம் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

டங் டங் என்று தகரம் தட்டப்பட்டது. நாத்தனார் பாய்ந்து வந்தாள். பஞ்சு, வெந்நீர், எண்ணெய். பிசைந்த மாவைப் பாத்திரத்திலிருந்து வழித்தெடுக்கிற கை வேகம் அவளுக்கு. மை போயிற்று. மையோடு சேர்ந்து பீளையும் போயிற்று, கன்னத்தில் காய்ந்த கோடும் போயிற்று. சிவந்த இமைமேல் எண்ணெய் தடவியதும் சிவப்பு மினுமினுப்பாக மாறிவிட்டது. அந்த அலுப்பில் குழந்தை தூங்கியும் விட்டது.

பஞ்சக்கா அன்றைய சுற்றின் கடைசியாக அந்தத் தெருவுக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றியபோது குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் கையை ஊன்றி, குனிந்து பார்த்தார்.

"அட. கண்ணு சுத்தமா இருக்கே."

"நீங்க சொன்னதுக்கப்புறம் சிமிழைத் தொடவே இல்ல," என்றாள் நாத்தனார். கண் சிமிட்டாமல் சொன்னாள்.

"எண்ணெய் எதுக்கு?"

"உடம்புக்குத் தேய்ச்சது, கொஞ்சம் பட்டுடுச்சு."

வழக்கமாகப் பஞ்சக்கா கட்டை விரலால் மேலிமையைத் தூக்கிப் பார்ப்பார். அன்றும் விரலை நீட்டினார். குழந்தை உதட்டைச் சுழித்தது. விரல் பின்னால் போயிற்று. "தூங்கட்டும், பாவம். எழுப்பினா உன் அம்மா என்னை அடிப்பா." அவளைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லையே, பட்டன் பொண்ணு. இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயாச்சும் என் பேச்சு எடுபட்டுச்சு."

அவள் வாயைத் திறந்தாள். பஞ்சக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாத்தனாரின் முகம் கண்ணில் பட்டது. பீளை என்று சொன்னால் மை வெளியே வரும். மை வெளியே வந்தால் பொய் வெளியே வரும். அதற்குப் பிறகு சாயங்காலம் யார் சமைப்பது, யார் துவைப்பது. இத்தனை கணக்கும் ஒரு மூச்சுக்குள் ஓடி முடிந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் பஞ்சக்கா செருப்பை மாட்டிவிட்டார். நர்ஸே பார்த்துச் சுத்தம் என்று சொல்லிவிட்ட பிறகு நமக்கென்ன தெரியும் என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் அந்த ஓர் இரவுதான் தாங்கியது.

மறுநாள் விடிந்தபோது இடது இமை வேகவைத்த முட்டை மாதிரி உப்பியிருந்தது. அவளே இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தாள். சீழ் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அதைத் துடைத்த பிறகு தெரிந்த கருவிழி கருப்பாக இல்லை. மூச்சு பட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தது.

அவள் நாத்தனாரிடம் எதையும் கேட்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே நாத்தனார் பையும் பாட்டிலுமாக, கொண்டை அவிழ, "நில்லு, நானும் வர்றேன், உன்னால தூக்கிட்டு நடக்க முடியாது, நில்லுடி," என்று அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

*

கண் டாக்டர் சின்ன வயது ஆள். நாள்கணக்கில் தூங்காத முகம். குழந்தையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், ஒரு சொட்டு மருந்து விட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"கிருமி. கருவிழி வரைக்கும் போயிடுச்சு, புண்ணாகியிருக்கு. ஊசி போடுறோம். மணிக்கு ஒரு தடவை கழுவிச் சொட்டு விடணும், பகல் ராத்திரி பாக்காம. புண்ணு நடுவுல பரவாம நின்னா பார்வை தப்பிக்கும். நடுவுக்கு வந்துடுச்சுன்னா அந்தக் கண்ணு கஷ்டம்தான்."

"மையாலயா சார்?" என்றாள் அவள்.

"மையா, விரலா, பிரசவத்தப்போ ஒட்டுனதான்னு இப்ப யாராலும் சொல்ல முடியாது. ஆனா இது ஒரே நாள்ல வந்தது இல்ல. வீட்டுக்கு நர்ஸ் வந்து பாக்கலையா?"

"பாத்தாங்க."

"அப்போ என்ன சொன்னாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க. நாங்க துடைச்சு வெச்சிருந்தோம்."

டாக்டர் கையைக் கழுவப் போனார்.

வார்டில் கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன. குழந்தையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் இமையைப் பிரித்து, கழுவி, சொட்டு விட வேண்டும். அது கத்தும் கத்தலில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் சேர்ந்துகொள்ளும். ஓய்ந்து தூங்கும் நேரத்தில் அடுத்த மணி வந்துவிடும். அவளுக்கு உட்கார்ந்துகொண்டே தூங்கும் வித்தை வந்துவிட்டது. கனவில்கூட யாருடைய இமையையோ பிரித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் வராந்தாவில் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகவில்லை.

சேர்த்த அன்றே சாயங்காலம் பஞ்சக்கா வந்தார். அவளுக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. கண்ணில் மை இல்லை. மை இல்லாத அந்த முகம் பத்து வயது கூடி, யாரோ அழித்துவிட்டுப் போன பலகை மாதிரி இருந்தது. கையைக் கழுவினார். குழந்தையின் இமையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கே இப்படித்தான் தூக்கியிருக்கணும்," என்றார்.

"நாங்க துடைச்சிட்டோம்க்கா."

"துடைச்சது இமைக்கு மேல. உள்ள இருந்ததை யாரும் துடைக்கல. நான்தான் பாக்கல." கையை நீட்டினார். "அந்தச் சொட்டு மருந்தை இப்படிக் கொடு. நீ படு. நான் பாத்துக்கறேன், விளக்கு வெக்கிற நேரம் வரைக்கும்."

அதிலிருந்து தினமும் சுற்று முடிந்ததும் வந்தார். அவள் ஒரு மணி, ஒன்றரை மணி தூங்குவாள். தூங்கி எழுந்து, மருந்து நேரத்துக்குக் காத்திருக்கும்போது ஏதாவது பேசுவார்கள். அப்படித் துண்டு துண்டாகத்தான் பஞ்சக்காவின் கதை அவளுக்குத் தெரியவந்தது.

வீட்டில் படுக்கையில் கிடக்கும் அப்பா. காலையில் அவரைக் குளிப்பாட்டிவிட்டு வேலைக்கு வருவது, திரும்பிப் போய் மறுபடி குளிப்பாட்டுவது. தூர தேசத்தில் ஒரு தம்பி. போன் பண்ணி "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் லைன் சரியில்லை என்பான். கல்யாணம்? "எனக்கு மாப்பிள்ளை பாத்தவங்களுக்கே பேரன் பேத்தி வந்தாச்சு. இனிமே அவங்க எனக்குப் பாக்கறதா, நான் அவங்களுக்குப் பாக்கறதா?" நர்ஸ் படிப்பு முடித்தபோது ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும் என்று ஆசை. "நின்ன இடத்துல நிக்கிற வேலை கேட்டேன். நடந்துக்கிட்டே இருக்குற வேலை கொடுத்தாங்க. நடந்து நடந்து, இப்ப நிக்கச் சொன்னாதான் கால் வலிக்குது."

ஒரு நாள் அவள் கேட்டாள். "அக்கா, மை மேல ஏன் உங்களுக்கு அவ்வளவு கோபம்?"

பஞ்சக்கா குழந்தையின் கன்னத்தில் வழிந்த மருந்தை ஒற்றி எடுத்தார்.

"கோபம்லாம் இல்ல. வேலைக்கு வந்த புதுசுல எல்லாத்தையும் சொல்லுவேன். கையக் கழுவுங்க, துணிய வெயில்ல காய வைங்க, தொப்புள்ல எதையும் தடவாதீங்க, காய்ச்சல் வந்தா காத்திருக்காதீங்க. தலைய ஆட்டுவாங்க. நான் போனப்புறம் செய்யறாங்களா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்? மை ஒண்ணுதான் பாத்ததும் தெரியுறது. துடைச்சா போயிடும். நாள் முழுக்க நடந்ததுக்கு ஏதோ ஒரு வேலை முடிச்ச மாதிரி இருக்கும். அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கிட்டேன்."

வராந்தாவில் ஒரு நாள் அவர் டீ வாங்கிக்கொண்டுபோய் நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அவளுக்குப் பேச்சு கேட்டது.

"குடிங்க. ஆறிடும்."

"என்னை ஜெயில்ல தூக்கிப் போட்டுடுவாங்களா?" என்றாள் நாத்தனார்.

"போட்டா எனக்கும் பக்கத்துலயே ஒரு ரூம் கேட்டு வைங்க. ரெண்டு பேருமா உக்காந்து அங்கயும் சண்டை போடலாம்."

நாத்தனார் சிரிக்கவில்லை. ஆனால் டீயைக் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணு பெரிசா வரணும்னுதான் வெச்சேன்," என்றாள்.

"தெரியும்."

"என் கண்ணு மாதிரி இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கு. முறைக்கறதுகூட அப்படியே இருக்கு. சொட்டு விடும்போது என்னை என்ன பார்வை பாக்குது தெரியுமா? போய் ஒரு தடவை நீங்களே பிடிச்சு விடுங்க. அப்புறம் தெரியும்."

அன்றுதான் நாத்தனார் உள்ளே வந்தாள். பஞ்சக்கா சொல்லச் சொல்ல, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிடி தளரவில்லை.

புண் நடுவுக்கு வரவில்லை. மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது, மங்கல் சுருங்கி ஓரத்துக்கு ஒதுங்கியது. ஒரு காலையில் டாக்டர் சின்ன விளக்கை இடமும் வலமுமாக அசைத்தார். அவர் வலது கண்ணைக் கையால் மூடியதும் குழந்தை சிணுங்கியது. அப்புறம் இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தின் பின்னாலேயே போயிற்று. "பாக்குது," என்றார் டாக்டர். "ஓரத்துல ஒரு வெள்ளைத் தழும்பு நிக்கும். பார்வை போற வழியில இல்ல. வீட்டுக்குப் போகலாம்."

நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்றவளுக்கோ அழக்கூடத் தெம்பில்லை. தூங்க வேண்டும் போலத்தான் இருந்தது.

*

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அலுப்பு போகவில்லை. நாத்தனாரின் விடுப்பு முடிந்து, மறுபடி பிஸ்கெட் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். வேலை முடிந்து வந்ததும் மோதிர விரல் என்ன, பத்து விரலையும் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொட்டாள். மைச்சிமிழ் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

தெருவிலோ நடந்த விஷயம் வேறு உருவம் எடுத்திருந்தது. கண்ணில் மையைப் பார்த்துவிட்டால் பஞ்சக்கா பிள்ளையையே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவாராம். மூன்றாவது மாடிக் குழந்தைக்கு அதுதான் நடந்ததாம். அவள் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது அவளிடமே ஒருத்தி இதைச் சொல்லி, "அப்படியாம்மா?" என்று கேட்டாள். அவள் இல்லை என்றாள். குழந்தையின் அழுகை கேட்டது. மேலே விளக்கிச் சொல்ல நேரமில்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இஸ்திரிக்காரர் இப்போது இரண்டு தட்டுக்குப் பதில் விடாமல் தட்டினார்.

அப்படியொரு நாள் நடுப்பகலில் பஞ்சக்கா வந்தார். குழந்தையின் இரண்டு இமையையும் தூக்கிப் பார்த்தார். எடை பார்த்தார். "நல்லா இருக்கா," என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஒரு காலை மற்ற கால்மேல் போட்டுக் கணுக்காலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கீழே பேக்கரிக்காரர் வீட்டுலேர்ந்துதான் வர்றேன்," என்றார். "பையன் பொறந்திருக்கான். கண்ணு ரெண்டும் பளபளன்னு இருக்கு. எண்ணெய். ஓரமா சிவந்திருக்கு. இமையைத் தூக்கப் போனேன், அந்தப் பொண்ணு வெடுக்குனு பிள்ளைய இழுத்துக்கிட்டா. தூங்குது, அப்புறம் பாருங்கன்னா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். திட்டல. சத்தியமா திட்டல. ஆனா இத்தனை வருஷம் திட்டின வாய் பாரு, நான் நல்லவிதமா பேசினாதான் ஜாஸ்தி பயப்படுறாங்க."

அவள் தலையணையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். குழந்தை பால் குடித்து இப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. அவளும் கொஞ்சம் சாயலாம் என்று விடிந்ததிலிருந்து காத்திருந்த நேரம் அது. பஞ்சக்கா அந்தத் தலையணையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடி கணுக்காலை அமுக்கினார்.

அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தபோதும் அவர் அவளிடம் தண்ணீரைத் தவிர எதையும் கேட்டதில்லை. அன்று மட்டும் கேட்டார்.

"நான் மறுபடி போறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போயிட்டு வர்றியாம்மா? நான் இங்க உக்காந்து இவளைப் பாத்துக்கறேன். உனக்கும் முடியலன்னு தெரியுது. ஆனா நான் போனா துடைச்ச கண்ணைத்தான் காட்டுவாங்க. நீ போய் உன் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்லு. மை இருந்தா இருக்கட்டும், பீளை இருந்தா இருக்கட்டும், காலையில எந்திரிச்சப்போ கண்ணு எப்படி இருந்துச்சோ அப்படியே எங்கிட்ட காட்டச் சொல்லு. துடைக்க வேணாம்னு சொல்லு."